அடுப்படிக்கு ஒரு கூரை வேணும்: மிஷன் பயிற்சி முகாம் கமிட்டியோட நன்கொடை வேண்டுகோள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன ஆடியில, வெளி மாநில ஊழியத்துக்கு ஆளப் பழக்குற நம்ம முகாம் அடுப்படி தகரம் பறந்த கதை பாதி பேருக்குத் தெரியும், மீதி பேருக்கு சொல்லுதேன். வள்ளியூர் பக்கம் ஆனி ஆடி காத்து எப்படின்னு சொல்லவா வேணும், காத்தாலைக்காரனுக்கு கொண்டாட்டம், தகரம் போட்டவனுக்கு திண்டாட்டம். மத்தியானம் சாம்பார் இறக்குற நேரம், படபடன்னு ரெண்டு தடவ அடிச்சுச்சு, மூணாவது தடவ ஒரு தகரம் அப்படியே எழும்பி கிணத்தடி தாண்டிப் போய் விழுந்துச்சு. ஆளு மேல விழலைங்கிறது தேவ கிருபை. சாம்பார் முழுக்க மண்ணு. அன்னைக்கு 34 பேருக்கும் கஞ்சியும் தேங்காத் துவையலும்தான். தப்பு எங்க மேலயும் இருக்கு, போல்ட் போடாம கம்பி வச்சு கட்டினா செலவு கம்மின்னு ஒருத்தர் சொன்னாரு, நாங்களும் சரின்னுட்டோம். இப்ப நீலத் தார்ப்பாய் கட்டித்தான் ஓடுது.

ஒரு அடுப்படிக்கு இம்புட்டு பேச்சான்னு நெனைக்கலாம். முகாம்ல ஒரு நாள் இருந்து பாத்தா தெரியும், பாதி பயிற்சி அங்கதான் நடக்கு.

காலையில நாலரைக்கு வேப்பமரத்துல தொங்குற தண்டவாளத் துண்டுல மணி அடிப்பாவ. கருக்கல்லயே ஆளுக்கு ஒரு மூலையில பாயப் போட்டு தியானம், அப்புறம் கருப்பட்டி காப்பி, அப்புறம் குளியல், ஆளுக்கு ரெண்டே வாளி தண்ணி. இது தண்ணி இல்லாததுனால மட்டும் இல்ல, நாளைக்கு ஒடிசா, ஜார்கண்ட் மலை கிராமத்துக்குப் போனா ரெண்டு வாளியே பெருசு. பகல்ல வேதபாடம், இந்தி, முதலுதவி, பாம்பு கடிச்சா என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது (கடிவாயக் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, கடிபட்ட கைகால அசைக்காம ஆசுபத்திரிக்கு கொண்டு போணும், இது நம்ம ஊர்லயே முக்கால்வாசி பேருக்குத் தெரியாது), சைக்கிள் பஞ்சர் ஒட்டுறது வரைக்கும் உண்டு.

சமையல் முறை வச்சுத்தான், பையங்களும் செய்யணும். வீட்டுல ஒரு தம்ளர் கழுவாத பயலெல்லாம் இங்க வந்து பச்ச விறக ஊதி கண்ணு செவந்து நிப்பானுவ. போற இடத்துல ரொட்டிதான்னு சப்பாத்தி பழக்கினோம், முதல் வாரம் சுட்டது அப்பளம் மாதிரி உடைஞ்சுச்சு, சமையல்கார அக்கா "ஏல, மாவ ஊற வைங்கல, அதுக்கும் ஜெபம் பண்ணணுமால"ன்னு சத்தம் போட்டாவ. வெள்ளிக்கிழமை காலையில இருந்து ராத்திரி வரை தமிழ்ல ஒரு வார்த்தை பேசக்கூடாது. உப்பு வேணும்னாலும் இந்தியிலதான் கேக்கணும். ஒரு பிள்ளைக்கு உப்புக்கு வார்த்தை மறந்துபோச்சு, வெக்கப்பட்டு உப்பு இல்லாமலே சோறு தின்னுட்டு எந்திரிச்சுது, மறுநாள் அந்தப் பிள்ளைதான் நோட்டுல சாமான் பேரு அம்பது எழுதி மனப்பாடம் பண்ணிட்டு வந்து நின்னுது.

இதெல்லாம் நம்ம சீமைக்கு புதுசும் இல்ல. 1903ல திருநெல்வேலியில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சப்பவே நம்ம ஆளு, நம்ம பணம்னு சொல்லித்தான் தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்லுக்கு ஊழியர அனுப்புனாவ, அதுல முன்ன நின்ன அசரியா ஐயரு வெள்ளாளன்விளைக்காரரு, 1912ல அந்தத் தோர்ணக்கல்லுக்கே பிஷப்பா ஆனாரு. பணம் எங்க இருந்து வந்துச்சு? நம்ம ஆச்சிமாரு உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசிய தனிப் பானையில போட்டு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு கொண்டுவந்து குடுத்ததுலயும் சேந்துதான் வந்துச்சு. இப்ப ஆன்லைன்ல அரிசி வாங்குறோம், பானைய எங்க வச்சோம்னே தெரியல.

கணக்குக்கு வாரேன். 22க்கு 16 அடியில செங்கல் சுவரு, இரும்புச் சட்டத்துல போல்ட் போட்டு கூரை, புகை போக்கி, தரை, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, எல்லாம் சேத்து கொத்தனாரு சொன்ன எஸ்டிமேட் 3 லட்சத்து 60 ஆயிரம். கையில 1 லட்சத்து 15 ஆயிரம் இருக்கு. மீதி 2 லட்சத்து 45 ஆயிரம் உங்ககிட்ட கேக்குதோம். பணமாத்தான் தரணும்னு இல்ல, சேம்பர் செங்கல் எங்களுக்கு வந்த விலை 11 ரூபா, நூறு கல்லு குடுத்தா ஆயிரத்து நூறு, எம் சாண்ட் ஒரு லோடு, கம்பி, ஒரு நாள் சித்தாள் வேலை, எதுனாலும் சரி. இடையன்குடி கோயில கால்டுவெல் ஐயரு 1847ல ஆரம்பிச்சு 1880லதான் முடிச்சாரு, 33 வருஷம். நமக்கு அம்புட்டு பொறுமை கிடையாது, அடுத்த ஆனி காத்துக்கு முன்ன கூரை ஏறணும்.

வெளிநாட்டுல இருக்க நம்ம பிள்ளைங்க இதக் கவனிங்க. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க சொந்த சம்பாத்தியத்துல பேங்க் வழியா அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது. அந்த நாட்டு குடியுரிமை வாங்கிட்டவங்க அனுப்பாதீங்க, வெளிநாட்டு நன்கொடை வாங்க அரசாங்கத்துல போடுற எஃப்சிஆர்ஏ பதிவு நம்மகிட்ட இல்ல, ஆசையா அனுப்பினாலும் திருப்பித்தான் அனுப்புவோம், கோவிச்சுக்கிடாதீங்க. வருமான வரிக் கழிவுக்கு 80ஜி ரசீதும் தர முடியாது, சாதா ரசீதுதான், ஆனா பத்து ரூபா குடுத்தாலும் உண்டு. ரசீது இல்லாம கமிட்டி ஆளு யாரு கேட்டாலும், நான் கேட்டாலும், குடுக்காதீங்க. வரவு செலவு மாசாமாசம் கோயில் வாசல் போர்டுல ஒட்டுவோம்.

குடுக்க முடியாதவங்க சும்மா வந்து பாத்துட்டுப் போங்க, சனிக்கிழமைன்னா கூட்டாஞ்சோறு உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் வராதீங்க, வாங்கன்னு கூட தமிழ்ல சொல்ல ஆள் இருக்காது.

இப்படிக்கு,
முகாம் கமிட்டிக்காக, செயலாளர்