துல்சா ஷூட்அவுட்: பார்ப்பவர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சாவில் ஆண்டு முடிவையொட்டி நடக்கும் ‘துல்சா ஷூட்அவுட்’ என்ற மைக்ரோ ஸ்பிரின்ட் (மண் தடத்தில் ஓடும் சிறிய பந்தயக் கார்) பந்தயத்தைச் சேர்ந்து பார்க்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. அங்கே மாலை 6 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30. தூக்கத்தைத் தியாகம் செய்யத்தான் வேண்டும்.

புதியவர்களுக்கு: 600 சிசி பைக் எஞ்சின், சங்கிலி இணைப்பு, கூரைக்குள் களிமண் தடம். மண் ஈரமாக இருக்கையில் உள்வளைவில் பிடிப்பு கிடைக்கும். காய்ந்ததும் சிதறிய மண் வெளிச்சுவர் ஓரம் வரப்பாகக் குவியும். துணிந்தவர்கள் வலப் பின்சக்கரத்தை அதில் சாய்த்துப் பறப்பார்கள். காரின் மேல் இறக்கை (தரைப்பிடிப்புக்கான தகடு) பொருத்தாத பிரிவைத் தவறவிடாதீர்கள், என் கண்ணுக்கு அதுதான் அசல் ஆட்டம்.

முடிவுகளை முன்பே பார்த்துவிடுபவர்கள் தயவுசெய்து குழுவில் வாய் திறக்க வேண்டாம். வருகிறவர்கள் இன்றிரவுக்குள் பெயர் கொடுங்கள்.