குறை சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். தாமிரபரணிக் கரையைப் பற்றி நான் வரைந்த 12 படங்கள் காலண்டராக அச்சாகி, போன வாரம் கைக்கு வந்துவிட்டன. மொத்தம் 150 பிரதி. அதில் பாதிக்கு மேல் சொந்தக்காரர்களே வாங்கிவிட்டார்கள், ஆகையால் விற்பனையைப் பற்றிப் பெருமை பேச வழியில்லை. கடைசித் தாளில் நன்றி சொல்ல நான் விட்டிருந்த இடம் இரண்டு விரல் அகலம். அதில் அடங்காமல் போனதால் இந்த மடல்.

"சூப்பர்", "செம" என்று சொன்னவர்களுக்கும் நன்றிதான். நீங்கள் இல்லாவிட்டால் பல ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்திருப்பேன். ஆனால் இந்த மடல், படத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தவர்களுக்கு.

பிளஸ் ஒன் படிக்கும்போது அம்மாவின் போனில் விரலால் தேய்த்து வரைய ஆரம்பித்தேன். அப்புறம் பெரியப்பா மகனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப் என்னிடம் வந்தது. 4 ஜிபி ராம். அதற்குத் தோதாக, திரை இல்லாத பழைய பென் டேப்லெட் ஒன்றைக் கல்லூரி அக்கா பாதி விலைக்குக் கொடுத்தார். கை மேஜையில் ஓடும், கோடு திரையில் விழும். முதல் பத்து நாள் என் கையெழுத்தே எனக்கு வரவில்லை. இலவச மென்பொருளான கிருத்தாவில் வரைந்தேன். கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைகிற லேயர்கள் இருபதுக்கு மேல் போனால் லேப்டாப் மூச்சு வாங்கும். அதனால் எந்த லேயர் வேண்டும், எதைச் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் பார்க்கிற பழக்கம் வந்தது. அந்தச் சிக்கனத்துக்காக அந்த லேப்டாப்புக்கும் ஒரு நன்றி.

பள்ளி ட்ராயிங் சாரிடம் என் படங்களைக் காட்டியபோது, பெரிய கண், கூர் தாடை, காற்றில் பறக்கும் முடி என்று ஒரே மாதிரி பெண்கள் முப்பது பேர் அதில் இருந்தார்கள். சார் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஒரே மூஞ்சி. அதுவும் நம்ம ஊர் மூஞ்சி இல்லையேம்மா" என்றார். அழுகை வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னைத் திருச்செந்தூர் சாலையில் இருக்கிற கிருஷ்ணாபுரத்துக்குப் போகச் சொன்னார். வெங்கடாசலபதி கோயில் தூண்களில் இருக்கிற நாயக்கர் காலச் சிற்பங்களைப் பென்சிலில் மட்டும் வரைந்து வர வேண்டும், அழிரப்பர் கொண்டுபோகக் கூடாது. குறவன் ஒருவன் இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற சிலை அங்கே உண்டு. பாரம் சுமக்கிறவனுடைய இடுப்பு எந்தப் பக்கம் ஒடியும், எந்தக் காலில் எடை இறங்கும் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு மாதம் போனேன். திரும்பி வந்து டேப்லெட்டைத் தொட்டபோது, என் ஆட்களுக்கு முதல்முறையாக எடை இருந்தது.

படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் கோணல் தெரியும் என்று சொன்னவரும் சார்தான். கிருத்தாவில் 'எம்' எழுத்தைத் தட்டினால் படம் இடவலமாகத் திரும்பிவிடும். சாரிடம் அதைக் காட்டினேன். மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் சுமந்த கண்ணாடியெல்லாம் தெண்டமா?" என்றார்.

விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு நான் இன்னும் சரியாக நன்றி சொன்னதில்லை. நாற்று நடுகிற பெண்கள் படத்தைக் காட்டியபோது, "எங்க அம்மா கலர்ல இதுல ஒரு ஆளும் இல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். உண்மைதான். இணையத்திலிருந்து இறக்கிய வண்ணத் தொகுப்பு ஒன்றை அப்படியே பயன்படுத்தியிருந்தேன். வயலில் வேகிறவர்கள் எல்லாரும் ரோஸ் பவுடர் போட்டது மாதிரி இருந்தார்கள். சரி, கறுப்பாக்கலாம் என்று நிழலுக்குச் சாம்பல் நிறத்தில், கீழே இருக்கிற நிறத்தை இருட்டாக்குகிற மல்டிப்ளை லேயர் ஒன்றைப் போட்டேன். உடம்பெல்லாம் சாம்பல் பூசினதுபோல் ஆகிவிட்டது. கறுத்த தோலின் நிழலில் செம்பழுப்பும் கத்தரிப்பூ நிறமும் ஓடும், வெளிச்சம் படுகிற தோள்பட்டையில் வானத்து நீலம் விழும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் அவள் தன் கையை ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தாள். ஜூலை மாதத் தாளில் இருக்கும் கை அவளுடையது.

எங்கள் ஊர் சேரன்மகாதேவி. ஆற்றோடு வளர்ந்தவள் என் ஆச்சி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பொங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்கியதை டிசம்பர் தாளுக்கு வரைந்தேன். ஒரு வாரம் செலவழித்து, தண்ணீரைப் பளபளவென்று நீலத்தில் தீட்டியிருந்தேன். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஏட்டி, வெள்ளம் வந்த ஆறு என்னைக்குட்டி நீலமா ஓடிச்சு? டீத்தண்ணி கணக்கால்லா வரும்!" ஒரு வாரம் போச்சு. ஆனால் செம்மண் நிறத்துக்கு மாற்றியதும் கோயிலின் கல் தனியாக எழுந்து நின்றது.

பத்தமடையில் பாய் நெய்கிற அக்கா ஒருவர், மார்ச் தாளைப் பார்த்த ஐந்தாவது நொடியில் சிரித்துவிட்டார். பாய்க்கு என்று நான் கிருத்தாவில் போட்டிருந்த பிரஷ் (ஒரு இழுப்பில் ஒரு வடிவம் விழவைக்கிற டிஜிட்டல் தூரிகை) குறுக்கும் நெடுக்குமாகப் பின்னல் விழுகிற மாதிரி இருந்தது. "இது ஓலைப்பெட்டி முடைஞ்ச மாதிரில்லா இருக்கு. பாய்ல பாவு நூல் எங்க கண்ணுக்குத் தெரியும்? கோரைதான் தெரியும்" என்றார். பாவு நூல் என்றால் தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல். பிறகு என்னைத் தறிப்பக்கம் உட்காரவைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கீறிய கோரை எவ்வளவு மெலிசாக இருக்கும் என்று விரலில் சுற்றிக் காட்டினார். அதைப் பார்த்து நானே ஒரு பிரஷ் செய்தேன். இன்றைக்கு என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த பிரஷ் அதுதான். பெயர் 'பத்தமடை'.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டப் படம் திருநெல்வேலி டவுன் டீக்கடைத் தாத்தாவால் தப்பித்தது. "வடம் பிடிக்கவன் நூறு பேர் இருக்கான், சரி. சக்கரத்துக்குத் தடி போடுத ஆள எங்க? தேரு தானா உருளுதா?" அவ்வளவுதான். இரண்டு பேரைச் சேர்த்தேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்தது ஜங்ஷன் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி. இவர் சொன்ன குறைகளுக்குத் தனி நோட்டே போட்டிருக்கிறேன். முதல் நான்கு படங்களை போனில் பார்ப்பதற்கான அளவில், 1080 புள்ளி அகலத்தில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், அப்படியானால் உன் படம் மூன்றரை அங்குலத்துக்குத்தான் தாங்கும், நீ கேட்பதோ 12க்கு 18 என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 3600க்கு 5400 புள்ளியில் நான்கையும் முதலிலிருந்து வரைந்தேன். லேப்டாப் அழுதது.

அடுத்த தடவை, திரையில் பளீரென்று இருந்த நாற்றங்கால் பச்சை, சோதனைத் தாளில் வெந்த கீரையாக வந்தது. மெஷின் சரியில்லை என்று நினைத்தேன், வாயைவிட்டும் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. லென்ஸை என் கையில் கொடுத்துத் தாளைப் பார்க்கச் சொன்னார். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலே நாலு மையின் புள்ளிகள். "திரையில இருக்கது வெளிச்சம்மா. இங்க இருக்கது மை. மையால எட்ட முடியாத பச்சையை நீ கேக்க" என்றார். அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பார்த்துக்கொள்ளும் வசதி கிருத்தாவில் இருக்கிறது. அன்றைக்குத்தான் அதைத் தேடிப் போனேன். வயலைச் சுற்றி இருந்த நிறங்களைக் கொஞ்சம் அடக்கினேன். பக்கத்தில் இருப்பது மங்கினால் அதே பச்சை தாளில் எழும்புகிறது. மூன்றாவது தடவை, வெட்டுக்கு ஓரம் விடாததால் கோபுரக் கலசம் பாதி போனது. அதை நினைத்து அவர் இன்னும் சிரிக்கிறார்.

அந்த அச்சகச் சுவரில் சட்டம் போட்ட பழைய லட்சுமி காலண்டர் ஒன்று உண்டு. கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு சேர்ந்து வரைந்த கொண்டையராஜுவைப் பற்றி (1898–1976) நான் முதலில் கேட்டது அதன் கீழே நின்றுதான். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளுக்கெல்லாம் போன சாமி படங்களில் எத்தனையோ அவர்கள் கை. "படம்னா பெரிய மண்டபத்துல மாட்டுறதுன்னு இருக்க. சமையக்கட்டுல ஆணியில தொங்குறதும் படம்தான்" என்று அண்ணாச்சி சொன்ன பிறகுதான், கண்காட்சி வைக்கும் ஆசையை விட்டுவிட்டுக் காலண்டர் என்று முடிவு செய்தேன்.

ஒரு போட்டியில், இதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டது என்று சொல்லி என் படத்தை ஒதுக்கிவிட்டார்கள். ஏஐ காலத்தில் சந்தேகம் வருவது புரிகிறது, ஆனால் கேட்டிருந்தால் லேயர் லேயராகப் பிரித்துக் காட்டியிருப்பேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்தையும் வரைய வரையவே ரெக்கார்ட் செய்துவைக்கிறேன். அவர்களுக்கு நன்றி சொல்லும் அளவுக்கு மனசு இன்னும் வரவில்லை.

காலண்டரை ஆச்சி வீட்டு அடுப்படியில் மாட்டியாயிற்று. ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மே மாதத்தில் கை நின்றது. அதில் பனங்காடு, நுங்கு வெட்டுகிறவர். "ஏட்டி, இது பாளையைப் பாத்தா அலகுப் பனைல்லா. ஆம்பளப் பனையில எப்பட்டி நுங்கு காச்சிச்சு?"

150 பிரதியிலும் அப்படித்தான் தொங்குகிறது. வாங்கியவர்கள் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவியிலிருந்து உங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி