பி.டி. சாரின் விசில்

ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய பி.டி. சார் போன வாரம் காலமானார். கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்துக் கிடந்த எங்களை மைதானத்துக்கு இழுத்து வந்தவர். கிழிந்த பந்தை வலை தைக்கும் நைலான் நூலால் அவரே தைப்பார். தோற்று வந்தால், "சரி மக்கா, முதல்ல சாப்பிடு" என்பார், திட்டெல்லாம் மறுநாள்தான். 2019-இல் எங்கள் குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடியபோது, சொந்தப் பையன் ஆடுவதுபோல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இத்தனைக்கும் சூசைராஜ் இவரிடம் படித்தவர் இல்லை! ஓய்வுபெற்ற பிறகும் மாலை 4.30-க்கு விசிலோடு வந்துவிடுவார்.

இப்போது அங்கே விளையாட்டு பீரியடில் கணக்குப் பாடம் நடக்கிறது. அவர் பெயரில் போட்டி நடத்தப் போகிறார்களாம், நடத்தட்டும். முதலில் அந்த பீரியடைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

- பழைய மாணவர் ஒருவர், குளச்சல்