செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு யார் வருவார்?

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (உருண்டைப் பந்து அல்ல, முட்டைப் பந்து) சிறிய கான்ஃபரன்ஸ்களுக்கு (தங்களுக்குள் மோதும் கல்லூரி அணிகளின் குழுக்கள்) கூட்டம் சேராததற்கு ஆட்டத்தின் தரத்தை மட்டும் பழிப்பது நியாயமில்லை. அவற்றில் ஒன்றான மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸுக்கு நவம்பரில் பெரும்பாலும் செவ்வாய், புதன் இரவுகள்தான். சனிக்கிழமை டிவியில் பெரிய அணிகளுக்கே இடம் போதவில்லை! மறுநாள் வேலைக்குப் போகிறவர், அந்தக் குளிரில் பிள்ளைகளோடு மைதானத்துக்கு வருவாரா?

இந்தக் கான்ஃபரன்ஸில் ஆடும் ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் இப்சிலாண்டிக்குப் பக்கத்து ஊர் ஆன் ஆர்பர். அங்கே பெரிய அணியான மிச்சிகன் பல்கலைக்கழகத்தின், லட்சம் பேருக்கு மேல் அமரும் மிச்சிகன் ஸ்டேடியம். ஆலமரத்தடியில் செடி எப்படித் தழைக்கும்? அப்படியும் ஒரு பையன் பெயர் வாங்கிவிட்டால், 2021-இல் தளர்த்தப்பட்ட கல்லூரி மாறும் விதிகளால் அடுத்த ஆண்டே பெரிய கல்லூரிக்குப் போய்விடலாம். ரசிகர் யாருடைய ஜெர்சியை வாங்குவது?

— வாசகர், டெட்ராய்ட்