சத்து மாவு மாட்டுத் தொட்டிக்குப் போவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்து மாவை மாட்டுக்குக் கரைத்து வைக்கிறார்கள், இப்படி ஒரு திட்டம் எதற்கு என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் பார்த்தது உண்மைதான். திருவண்ணாமலை மாவட்டத்தில் 31 ஆண்டுகள் பால்வாடி டீச்சராக இருந்த நான் அதை அவரைவிட அதிகமாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் மாவை நிறுத்திவிடலாம் என்று அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்ததும் எந்தத் தாயும் முதலில் மோந்து பார்ப்பாள். வறுத்த வாசனை வந்தால் அன்றே கூழ் காய்ச்சுவாள். சிக்கு வாடை அடித்தாலோ, வண்டு ஊர்ந்தாலோ பிள்ளைக்குக் கொடுக்க மாட்டாள். கொடுக்கவும் கூடாது. தூரத்தில் அரைத்து, கிடங்கு கிடங்காகக் கிடந்து, மழைக்காலத்தில் எங்கள் மையத்துக்கு வந்து சேர்ந்த மூட்டைகளில் அந்த வாடையை நானே முகர்ந்திருக்கிறேன். அரைத்து 10 நாளில் வந்த மாவு எங்கள் ஊரில் ஒரு முறைகூடத் தொட்டிக்குப் போனதில்லை.

அடுத்தது, காய்ச்சும் விதம். விக்கிக்கொள்ளும் என்று பயந்து பாட்டிமார் கூழைத் தண்ணீராகக் கரைத்துவிடுவார்கள். ஒரு வயதுப் பிள்ளையின் வயிறு எத்தனை சிறியது! அது தண்ணீரிலேயே நிறைந்துவிடும். இதற்கு நம் வீடுகளில் பழைய வழி ஒன்று உண்டு. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, கெட்டியாகக் காய்ச்சிய கூழில் ஒரு சிட்டிகை போட்டால் கூழ் தானாக இளகிவிடும். முளைவிட்ட தானியத்தில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. தண்ணீர் சேர்க்காமலே குழந்தை விழுங்குகிற பதம் வந்துவிடும், சத்தும் குறையாது. அதில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் இன்னும் நல்லது.

தாய் அடுத்ததைச் சுமந்ததும் பால் மறந்து மெலிகிற பிள்ளையை 'சவலை' என்கிறோம். கடும் புரதக்குறைவு நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் 'குவாஷியார்கர்' என்ற பெயரும் கானா நாட்டுத் தாய்மாரின் பேச்சிலிருந்து போனதுதான். அங்கும் அது அடுத்த பிள்ளை வந்ததும் முந்தியதற்கு வரும் நோய். அப்படி ஒரு சவலைப் பெண் குழந்தை எங்கள் மையத்தில் இருந்தாள். அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளைக்குப் போய்விட, பாட்டியிடம் வளர்ந்தாள். 14 மாதத்தில் 6.9 கிலோ. மேல்கைச் சுற்றளவு அளக்கும் நாடாவில் 11.8 செ.மீ., அதாவது எச்சரிக்கையான மஞ்சள் பகுதி. நானும் ஆயாவும் அவளுக்கு மட்டும் மாவை வீட்டுக்குக் கொடுக்காமல் மையத்திலேயே காய்ச்சினோம். முளைகட்டிய கேழ்வரகு, வறுத்துப் பொடித்த மல்லாட்டை (வேர்க்கடலை), எண்ணெய், வாரத்தில் மூன்று முட்டை. மூன்று மாதத்தில் 7.9 கிலோ ஆனாள். பாட்டிக்குப் பக்குவமும் வந்துவிட்டது.

ஆனால் எல்லாப் பிள்ளையையும் கூழால் தேற்றிவிட முடியாது, அதையும் சொல்லியாக வேண்டும். நாடா 11.5-க்குக் கீழே போனாலோ, காலை அழுத்தினால் குழி விழுந்தாலோ அது சிகிச்சை தேவைப்படும் நிலை. கால் வீங்கிய ஒரு பையனை நான் ஒரு வாரம் தாமதித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டான். ஆனாலும் அந்த ஒரு வாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். 5.5 சதவீதம் பேர் கடுமையாக மெலிந்தவர்கள்.

இவர்களில் காய்ச்சல், வீக்கம் இல்லாமல் பசியும் இருக்கிற பிள்ளையை வீட்டில் வைத்தே தேற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2007-லேயே சொல்லிவிட்டன. அதற்குக் கொடுப்பது ஒரு விழுது. 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. தண்ணீர் சேராததால் கெடாது, காய்ச்சவும் வேண்டாம். அதில் என்ன இருக்கிறது? பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்து தாது உப்புக் கலவை, அப்புறம் வேர்க்கடலை. நாங்கள் மல்லாட்டை விளைகிற மாவட்டம்! ஆப்பிரிக்காவில் மலாவி போன்ற ஏழை நாடே உள்ளூர்க் கடலையை வைத்து இந்த விழுதைத் தயாரிக்கிறது. நம்மால் ஏன் முடியாது?

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஈரத்தோடு கட்டிவைத்த கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தால் பெருமளவு குறையும். கடலை ஆய்ந்து பழகிய எங்கள் ஊர்ப் பெண்களின் கைக்கு அது தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே பிள்ளைக்குத் தர வேண்டும். அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும்.

உள்ளூரிலேயே பெண்களை வைத்துத் தயாரியுங்கள் என்று நான் கேட்பது புதிதல்ல. 1980-ல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்தார்கள். உருண்டை பிடித்தது உள்ளூர்ப் பெண்கள் குழுக்கள். அங்கன்வாடி உணவுக்கு ஒப்பந்ததாரர்கள் கூடாது, சுயஉதவிக் குழுக்களிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் உத்தரவிட்டது. கேரளத்தில் கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்த்து 'அமிர்தம்' என்ற மாவை, அங்குள்ள பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் அந்தந்த ஊரிலேயே அரைத்துக் கொடுக்கிறார்கள்.

ஊராட்சி ஒன்றியத்துக்கு ஓர் அரைவைக் கூடம், மாவட்டத்துக்கு ஒரு விழுதுக் கூடம், பக்கத்திலேயே ஒரு சோதனைக் கூடம். இதைத்தான் அரசிடம் கேட்கிறேன். அந்த வாசகரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை தொட்டியில் மாவைப் பார்த்தால், பக்கத்தில் கிடக்கும் பொட்டலத்தை எடுத்து அரைத்த தேதியையும் பாருங்கள். அதையும் சேர்த்து உங்கள் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திருவண்ணாமலை மாவட்டம்.