மாமா வீட்டு வாள்

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வாளின் படங்கள் வந்தன. முத்திரையும் இல்லை, எழுத்தும் இல்லை, இனி யார் வயது சொல்வது என்று மாமா கேட்டாராம். நம் பக்கத்து வாள்களில் முத்திரை இல்லாததுதான் அதிகம். அலகு, பிடி, உறை மூன்றையும் வெவ்வேறு பொருளாக வைத்துப் பார். ஒன்றின் வயதை மற்றதன் தலையில் கட்டாதே. ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுக்கு இங்கே பிடி போடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். பழைய அலகுக்குப் பிறகொரு தலைமுறை புதுப் பிடி போட்டதும் உண்டு.

முதலாவது, ஒருவரையும் துலக்க விடாதே. பிராசோ மினுக்குத் திரவம், புளி, தேசிக்காய், எமரித்தாள் எதுவும் கிட்ட வரக்கூடாது. ஒட்டிப் படிந்த கருங்கபில நிறம் இருக்கட்டும். அதுவும் வயதுக்குச் சாட்சி. செம்மஞ்சளாகத் தூள் உதிர்கிற துருவை மட்டும் மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடு. விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது, கையுறை போட்டுக்கொள்.

பிறகு அள. அலகின் நீளம், பிடிக்கு முன்னால் கையைக் காக்கிற கைக்காப்பிலிருந்து நுனிக்கு நேர்கோட்டில். வளைவோடு நாடாவை ஓட விடாதே. முதுகின் தடிப்பை வேர்னியர் இடுக்கிமானியால் மூன்று இடத்தில் எடு: பிடியடியில், நடுவில், நுனிக்கு ஓர் அங்குலம் முன்னால். சண்டைக்கு அடித்த அலகு பெரும்பாலும் அடியில் 6 முதல் 9 மி.மீ. வரை இருந்து, நுனிப் பக்கம் 2, 3 மி.மீ. ஆக மெலியும். சுவரில் மாட்டுவதற்குத் தகட்டை வெட்டிச் செய்தது 3, 4 மி.மீ. தடிப்பிலேயே முழு நீளமும் ஓடும். இந்த ஒரு அளவை நான் எல்லா அலங்காரத்துக்கும் மேலாக நம்புவேன். ஆனால் சடங்குக்கென்று செய்த அசல் பழைய வாளும் மெல்லிசாக இருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதே.

ரோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்துப் பார். ஒரே சீரான நெருக்கக் கோடுகள் மெஷின் உரைத்த தடம். பிடியருகே மட்டும் ஒரு சின்ன இடம் குழிந்து பளபளத்தால் அங்கே இருந்த எழுத்தை யாரோ உரைத்து அழித்திருக்கலாம். 1891இலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அவர்கள் சட்டம் போட்டதால், ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் குத்திய வாள்கள் நிறைய உண்டு. வியாபாரி அழிப்பது அதைத்தான். உருக்கில் நீரலை போன்ற கோலம் தெரிந்தாலும் பழைய உயர்ந்த உருக்கென்று மயங்காதே, மேலே அமிலத்தால் வரைந்ததும் அப்படித்தான் தெரியும். உரசி மழுங்கிய இடங்களில் அந்த அமிலக் கோலம் மறைந்துவிடும். அதைச் சோதிக்க நீ அமிலம் ஊற்ற வேண்டாம்.

இனிப் பிடி. பிடியின் தலைப்பில் வட்டத் தட்டுக் குமிழோடு இரும்புப் பிடியா? வட இந்தியத் தல்வார். கூர் பிடியடியிலிருந்தே தொடங்காமல் சில சென்ரிமீற்றர் தள்ளித் தொடங்கினால் அலகும் இந்தியத் துணைக்கண்டத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். தல்வார் பிடியை அரக்கு வகைப் பிசின் வார்த்துத்தான் இறுக்குவார்கள். ஆடுகிறதென்று சூடு காட்டிக் கழற்றப் போகாதே.

குமிழில் சிங்க முகமும், கைக்காப்பின் முனைகளில் வாய் பிளந்த மிருகத் தலைகளும் இருந்தால் அது கஸ்தானே, இலங்கை வாள். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். பிரித்தானியர் காலத்தில் முதலியார் பதவி வகித்த உள்ளூர் அதிகாரிகளும் உடுப்போடு கஸ்தானே கட்டினார்கள், அதனால் கண்டி இராச்சியம் போன பின்னும் அது செய்யப்பட்டது. அலகில் ஒல்லாந்த (டச்சு) கம்பனியின் VOC என்ற பின்னிய எழுத்து முத்திரை இருந்தாலும் அது அலகின் வயதுதான், பிடியுடையது அல்ல. ஒப்பிட நல்ல அளவுகோல் கொழும்பு நூதனசாலையில் உண்டு: 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் கொள்ளையிட்டு, 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்தவற்றில் பொன் கஸ்தானேயும் வெள்ளிக் கஸ்தானேயும் இருக்கின்றன. அவை 1765க்கு முந்தியவை என்பதில் தடுமாற்றம் இல்லை. மிருகத் தலையின் பல், கண், பிடரி செதுக்கிய ஆழத்தை அவற்றோடு வைத்துப் பார். பிந்திய வேலை பல வேளை வார்ப்பில் வந்து மேலோட்டமாகக் கீறப்பட்டிருக்கும்.

உறையைப் பார்ப்பதோடு விடு. நட்சத்திர வெட்டுத் திருகாணி எங்காவது இருந்தால் அந்தத் துண்டு 1930களுக்கு முந்தியது அல்ல. வாளை அந்தத் தோல் உறைக்குள் திரும்பவும் போடாதே, தோல் ஈரத்தையும் அமிலத்தையும் பிடித்து வைத்து அலகைத் தின்னும்.

மாமா இதை லண்டனுக்கு மகனிடம் அனுப்ப நினைக்கிறார் என்று எழுதியிருந்தாய். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது. அதற்குப் பிந்தியதென்றால் கவலையில்லை என்றும் எண்ணாதே, 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிறது. பார்சலில் போடுவதற்கு முன் தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்கச் சொல்.

மூன்று தடிப்பு அளவும், நீளமும், குமிழின் உச்சியைக் கிட்டப் பிடித்த ஒரு படமும் அனுப்பு. பிடிக்குள் போகிற அலகின் வால் அங்கே வெளியே வந்து அடித்து மழுக்கப்பட்டிருக்கிறதா, மறையாணி போட்டிருக்கிறதா என்று தெரியவேண்டும். மறையாணி கண்டவுடன் புதிது என்று மாமாவிடம் சொல்லிவிடாதே. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாள்கள் சிலவற்றிலும் அது உண்டு.

அன்புடன்,
அப்பா