முதலில் அந்த நிலத்தைப் பற்றிக் கேள்

பர்கூர்

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். செந்தூரா மரத்தில் இந்தத் தடவை காய்ப்பு குறைவு என்று அம்மா புலம்புகிறாள், மற்றபடி ஒன்றுமில்லை. நீ சொன்ன அந்தப் பையன் விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

அங்கே லாவோஸில் சண்டைக் காலத்துக் குண்டு நிலத்தில் வெடித்து அப்பாவுக்குக் கை போனதும் பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான், மாதாமாதம் கொஞ்சம் பணம் கொடுத்துத் திரும்பச் சேர்க்கலாமா என்று கேட்டாய். கொடு, நான் தடுக்கமாட்டேன். ஆனால் அவர்கள் நிலத்தைச் சோதித்துக் குண்டு எடுத்தாகிவிட்டதா என்று முதலில் விசாரி.

நான் குவாரியில் வெடி வைத்த கதை உனக்குப் புதிதல்ல. பத்துக் குழிக்குத் திரி கொளுத்தினால் மேஸ்திரி பாறை மறைவில் உட்கார்ந்து சத்தத்தை எண்ணுவார். ஒன்பதுதான் கேட்டது என்றால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அரை மணி நேரம் போகவேண்டும். அப்புறமும் அந்தக் குழியை நோண்டமாட்டோம். ஓரடி தள்ளி, அதே சாய்வில் புதுக் குழி போட்டு வெடித்துத்தான் பழையதைக் காலி பண்ணுவோம். எந்தக் குழி பாக்கி என்று தெரிந்தே அவ்வளவு பயம்.

நீ இருக்கிற சியாங்குவாங் மாகாணத்தில் எண்ணுவதற்கு யார் இருந்தார்கள்? 1964-லிருந்து 1973 வரை அமெரிக்க விமானங்கள் 5,80,000 தடவை பறந்து லாவோஸ் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் கொட்டின. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சின்னக் குண்டுகள் மட்டும் 27 கோடி. அதில் 8 கோடி வரை வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டன என்கிறார்கள். ஒவ்வொன்றும் டென்னிஸ் பந்து அளவுதானாம். பிள்ளைகள் எடுத்து விளையாடாமல் இருப்பார்களா? சண்டை நின்ற பிறகு மட்டும் செத்தவர்களும் அடிபட்டவர்களும் சுமார் 20,000 பேர்.

செத்தவர்களை எண்ணுகிறார்கள். மம்முட்டியை ஆழமாகப் போடப் பயந்து விட்ட வெள்ளாமையை யார் எண்ணுவது? குளம் வெட்ட முடியாது, கக்கூஸ் குழி தோண்ட முடியாது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு வகுப்பறை கூடுதலாகக் கட்டவேண்டும் என்றாலும் முதலில் மண்ணைச் சோதிக்கவேண்டும். தரையில் அடுப்பு மூட்டினால் அந்தச் சூட்டிலேயே அடியில் கிடப்பது வெடிக்கும் என்று நீயே சொன்னாய். விளைச்சல் போதாத வீட்டுப் பிள்ளை பழைய இரும்பு பொறுக்கப் போகிறது. அந்த இரும்பு எது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒருத்தருக்கு வலது கை போனது. மூத்த பையன் எட்டாவதோடு பெங்களூரு பேக்கரிக்குப் போனான். பெண்ணுக்குப் பத்தாவது முடிக்கும் முன்பே மாப்பிள்ளை பார்த்தார்கள். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புத்தகம் இலவசம், மதியச் சாப்பாடு இலவசம். பணம் கட்ட முடியாமலா நின்றார்கள்? வீட்டில் ஒரு கை குறைந்தது, அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், நீ பணம் கொடுத்தாலும் நடவு நேரத்தில் அந்தப் பையன் வயலில்தான் நிற்பான். அதே வயலில்.

பாம்பாறு அணை இலங்கை அகதிகள் முகாமிலிருந்து மாங்காய் பறிக்க வருகிற அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர்களுக்கு இலங்கையின் வடக்கே முகமாலைப் பக்கம் தென்னந்தோப்பு இருந்ததாம். போர் 2009-ல் முடிந்தும் கண்ணிவெடியால் அந்தப் பக்கம் வருஷக்கணக்கில் யாரும் கால்வைக்க முடியவில்லை. புருஷனை இழந்த பெண்கள் முகமூடி போட்டு, மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி கண்ணிவெடி எடுக்கிறார்களாம். வீட்டு அடுப்பு எரிய அங்கே அதுதான் வேலை. கேட்டு எனக்குப் பேச்சு வரவில்லை.

2016-ல் ஒபாமா லாவோஸுக்கு வந்து மூன்று வருஷத்துக்கு 9 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். ஒன்பது வருஷம் போட்ட குண்டுக்கு! இருந்தாலும் வந்ததே பெரிசு. கொத்துக் குண்டு வேண்டாம் என்கிற 2008 ஒப்பந்தத்தில் நம்ம நாடும் கையெழுத்துப் போடவில்லை, அதையும் சேர்த்தே திட்டு.

சரி, வேலைக்கு வருகிறேன். உங்கள் ஆபீஸில் நீ கணக்குதான் எழுதுகிறாய், ஆனாலும் சோதிக்கவேண்டிய நிலங்களின் பட்டியலில் அந்த வீட்டு வயல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம் அல்லவா? இல்லையென்றால் சேர்க்க யாரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கேள். அவன் அப்பாவுக்கு ஒரு கையால் முடிகிற வேலை, கோழியோ சின்னக் கடையோ, அங்கே என்ன கிடைக்கும் என்று பார். பையன் இப்போது தினமும் எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று அவனிடமே விசாரித்து எழுது. மாதம் எவ்வளவு என்பதை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம், நானும் கொஞ்சம் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா